எழுந்து நடக்கச் சொல்லும் கல்வி



மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் நாள்களில் பங்கு இல்லத்துத் திண்ணை ஒரு நீதிமன்றம் போல் ஆகிவிடுவதுண்டு. பிள்ளை ஒன்றைச் சொல்ல, பெற்றோர் வேறொன்றைச் சொல்ல, வழக்கைத் தீர்த்துவைக்குமாறு இரு சாராரும் நம்மிடம் வந்து நிற்பர். இவ்வாண்டும் அத்தகைய வழக்கொன்று வந்தது. ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, நம் பங்கின் குடும்பத் தலைவர் ஒருவர் தம் மகளுடன் காத்திருந்தார்.

"சுவாமி, நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கள். நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். நர்சிங் சேர் என்கிறேன். இல்லையென்றால் வங்கித் தேர்வுக்கு உதவும்படி ஏதாவது படி என்கிறேன். இவளோ உடற்பயிற்சி படிக்கப் போகிறாளாம். டிரில் மாஸ்டர் ஆவதற்கா இத்தனை மதிப்பெண்?"

கேட்டதும் நாமும் சிரித்துவிட்டோம் என்பதை மறைக்காமல் எழுதுகின்றோம். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் உடற்பயிற்சி என்றால் மாலை மணியடித்ததும் கைப்பந்து ஆடுவதுதான். தத்துவமும் இறையியலும் படிப்பு, பந்தாட்டம் பொழுதுபோக்கு. அதைப் போய்ப் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கணக்காகப் படிப்பார்களா என்னும் எண்ணமே நம் மனத்திலும் எழுந்தது.

அந்தப் பெண் சிறிது நேரம் தலை குனிந்து நின்றாள். பின்பு மெல்லச் சொன்னாள்: "பாட்டியை நினைத்துத்தான் இதைப் படிக்க விரும்புகிறேன், சுவாமி."

அந்த மூதாட்டியை நாம் நன்கு அறிவோம். காலைத் திருப்பலிக்கு முதல் ஆளாக வந்து முன்வரிசையில் முழந்தாளிடுவார். நான்கு ஆண்டுகளுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்ததில், இடுப்பை ஒட்டித் தொடை எலும்பு முறிந்தது. நகரத்து மருத்துவமனையில் அறுவை செய்து எலும்பைப் பொருத்தினார்கள். வாக்கரைப் பிடித்து நாள்தோறும் நடக்கச் செய்யுமாறும் கூறி அனுப்பினார்கள். வீட்டிற்கு வந்த அன்று இரண்டு அடி எடுத்துவைத்ததும் மூதாட்டி வலியால் அலறிவிட்டார். அத்துடன் வாக்கர் மூலைக்குச் சென்றுவிட்டது. பெற்ற தாய் துடிப்பதைக் காணப் பொறாத மகன், அவரைக் கட்டிலைவிட்டு இறங்க விடவில்லை. ஊட்டுவது, துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவரே. ஊரார் கண்டு வியக்கும் வண்ணம் தாயைப் பேணினார்.

ஆறு வாரங்கள் சென்றன. எலும்பு கூடிவிட்டதென்று படம் பிடித்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் மூதாட்டியால் எழுந்து நிற்க இயலவில்லை. நிறுத்தினால் தலை சுற்றியது. கால்கள் குச்சிகளாய் மெலிந்திருந்தன. முதுகில் படுக்கைப் புண் கண்டது. ஐந்தாம் மாதம் அவரது அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம்.

"எலும்பு கூடிவிட்டது, சுவாமி, பாட்டியின் கால்தான் போய்விட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அப்பாவைப்போல் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் எங்களுக்குத் தெரியவில்லை. நற்கருணை கொண்டுவந்தபோது நீங்களும், 'அசையாதீர்கள் அம்மா, நன்றாக ஓய்வெடுங்கள்' என்றுதானே சொன்னீர்கள்?"

அவள் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. ஆயினும் நமக்கு வாயடைத்துப் போயிற்று. சொன்னது உண்மை. அந்த மூதாட்டியிடம் மட்டுமல்ல, குருத்துவப் பணியேற்ற நாள் முதல் எத்தனையோ நோயாளிகளின் கட்டிலருகே நின்று நாம் சொல்லி வந்த ஆறுதல் மொழி அதுவே. தந்தையோ முகத்தைத் திருப்பிக்கொண்டார். வழக்கை ஒரு திங்கள் தள்ளிவைத்து, அந்தப் படிப்பின் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து தருமாறு அவளிடம் கேட்டோம். கொண்டுவந்தாள். அதைப் படித்தும், நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் ஐயங்களைக் கேட்டும் நாம் அறிந்துகொண்டவற்றை இத்திங்கள் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

உடல் உழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையால் காட்டிய முன்னோடி ஆய்வு இலண்டன் மாநகரின் பேருந்துகளில் நடந்தது. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவரும் அவருடைய தோழர்களும் இரண்டடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு சாராரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் பணியாற்றியவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். நடத்துநர்களிடையே இதய நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆய்வின் முடிவு 1953-ஆம் ஆண்டு வெளியாயிற்று. மாரிஸ் அத்துடன் நிறைவடையவில்லை. ஓட்டுநர்கள் தொடக்கத்திலேயே பருத்தவர்களாய் இருந்திருப்பார்களோ என்று தம் முடிவைத் தாமே ஐயுற்று, அவர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுகளையும் தேடி ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகவே இருந்தது. அதையும் மறைக்காது வெளியிட்டார். இத்தகைய நேர்மையினாலேயே இத்துறை அறிவியலாக வளர்ந்தது.

இரண்டாவது ஆய்வைப் படித்தபோது நம் நெஞ்சம் கனத்தது. அமெரிக்க நாட்டின் டல்லாஸ் நகரில், 1966-ஆம் ஆண்டு, இருபது வயது இளைஞர் ஐவர் ஆய்வுக்குத் தாமே முன்வந்தனர். அவர்களுக்கு நோய் ஏதும் இல்லை. மூன்று வாரங்கள் படுக்கையிலேயே கிடக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மனிதன் தன் முழு வலிமையையும் செலுத்தி உழைக்கையில் ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்துகிறான் என்பதைக் கருவி கொண்டு அளக்கலாம். இதயம், நுரையீரல், தசை மூன்றும் கூடிச் செய்யும் வேலைக்கு அதுவே அளவுகோல். மூன்று வார ஓய்வுக்குப் பின் அளந்தபோது, அந்த இளைஞர்களின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-ஆம் ஆண்டு, ஐம்பது வயதை எட்டியிருந்த அதே ஐவரையும் மீண்டும் அழைத்து அளந்தார்கள். உடல் பருத்து, வயதும் ஏறியிருந்த அவர்களுடைய ஆற்றல், இருபது வயதில் இருந்ததைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறைந்திருந்தது. அதாவது, முப்பது ஆண்டு மூப்பு செய்த சேதத்தைவிட, மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் பெரிது! பின்னர் ஆறு மாதங்கள் நடை, மெல்லோட்டம், மிதிவண்டி எனச் சிறிது சிறிதாகப் பயிற்சி அளித்தபோது, அவர்கள் தங்கள் இருபதாம் வயதில் படுக்கைக்கு முன் இருந்த நிலைக்கே மீண்டுவிட்டனர்.

ஏன் இவ்வாறு நேருகிறது? படுத்தே கிடக்கும் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தமும் குறைகிறது. உடலின் சுமையைத் தாங்கி நின்ற கால் தசைகள், தாங்குவதற்குச் சுமை இல்லாமற்போகவே, கரையத் தொடங்குகின்றன. திடீரென எழுப்பி நிறுத்தினால் தலை சுற்றுகிறது. இருபது வயது இளைஞனுக்கே இக்கதி என்றால், எழுபதைக் கடந்த மூதாட்டியின் நிலையை நாம் சொல்ல வேண்டுமா? இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை முடிந்த மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்த முயல்வது இன்றைய மருத்துவ நெறி. வலியைக் குறைக்க மருந்து கொடுத்து நடக்கவைப்பார்களே அன்றி, வலிக்கிறதென்று நடையை நிறுத்திவிட மாட்டார்கள்.

"வயதானவர்களுக்கு இனி எதற்குப் பயிற்சி?" என்போர் மூன்றாவது ஆய்வைக் கேட்க வேண்டும். பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, மரியா ஃபியடரோன் என்னும் மருத்துவர், வாரம் மூன்று முறை காலால் பளு தூக்கும் பயிற்சியை எட்டு வாரங்கள் அளித்தார். அதன் முடிவு 1990-ஆம் ஆண்டு வெளியாயிற்று. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. இருவர் கைத்தடியையே விட்டுவிட்டு நடந்தனர். தசைக்குச் செவி இருக்கிறது. எந்த வயதில் கூப்பிட்டாலும் அது கேட்கிறது.

இவ்வாறு கூப்பிடும் முறையைக் கற்பதே அப்பெண் விரும்பிய படிப்பு. சுகாதார அறிவியல் துறையில் இளநிலைப் பட்டமாக இது இன்று கற்பிக்கப்படுகிறது. மணிப்பாலிலும், நம் சென்னைப் போரூரில் உள்ள ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவனத்திலும் இத்துறை உண்டு. பாடத்திட்டத்தைப் புரட்டியபோது நம் சிரிப்பு அடங்கியது. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், அசைவின் இயக்கவியல், உணவியல், உளவியல், புள்ளியியல், முதலுதவி என்று வரிசையாக நின்றன பாடங்கள். தசை சுருங்கும்போது வெப்பம் எவ்வாறு பிறக்கிறது என்று ஆராய்ந்த ஏ.வி. ஹில் என்னும் ஆங்கிலேய அறிஞருக்கு 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. நாம் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியதற்குள் இத்துணை ஆழம் இருந்திருக்கிறது.

இப்படிப்பின் உயிர்நாடி 'அளவு' என்னும் ஒரு சொல்லில் அடங்கும். மருத்துவர் மாத்திரை எழுதுகையில் எந்த மாத்திரை, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று குறிக்கிறாரல்லவா? அதைப்போலவே, எவ்வகைப் பயிற்சி, வாரத்தில் எத்தனை நாள், எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமை என நான்கையும் ஆளுக்கு ஏற்பக் குறிக்கக் கற்பிக்கிறார்கள். அதற்கு முதலில் அளக்கத் தெரிய வேண்டும். சமதளமான தாழ்வாரத்தில் ஆறு நிமிடங்கள் நடக்கச் செய்து, கடந்த தூரத்தை மீட்டர்க் கணக்கில் குறிப்பது ஒரு சோதனை. இதய நோயாளிக்கும் நுரையீரல் நோயாளிக்கும் அது பெரிதும் பயன்படுகிறது. உழைப்பு எவ்வளவு கடினமாய்த் தோன்றுகிறது என்று நோயாளியே 6 முதல் 20 வரை மதிப்பெண் இடும் அளவுகோல் ஒன்றைச் சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் போர்க் வகுத்துத் தந்தார். கருவி ஏதும் இல்லாத வீட்டுக்கோ எளிய வழி உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிகளின்படி, வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலிமை தரும் பயிற்சி வேண்டும். முதியோர் கீழே விழாதிருக்கச் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கோ நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடங்கள் தேவை. நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கிறது என்பதைத் தனிப்பயிற்சி வகுப்புகளின் வாயிலில் நின்று பெற்றோரே எண்ணிப் பார்க்கட்டும்.

நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்களின் எண்ணிக்கை பத்துக் கோடிக்கு மேல் என்று, சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. உழைக்கும் தசை, இன்சுலின் குறைந்துள்ள நிலையிலும் இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும் திறனுடையது. உண்டபின் சிறிது நடப்பதன் பயன் அதில் இருக்கிறது. ஆனால் இன்சுலின் ஊசி போடுபவர் வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் நடந்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். காலில் உணர்ச்சி குன்றியவர் தக்க காலணி இன்றி நடந்தால் புண் உண்டாகும். இரத்த அழுத்தம் மிகுந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்கினால் அழுத்தம் திடீரென ஏறும். நடக்கையில் நெஞ்சில் இறுக்கம் கண்டால் உடனே நின்று மருத்துவரை நாட வேண்டும். எனவே, "நடந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பொதுவாகச் சொல்வதும், "அசையாதீர்கள்" என்று பொதுவாகச் சொல்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். ஆளறிந்து அளவறிந்து சொல்வதற்கே கற்றவர்கள் வேண்டும்.

இத்துறையை நாடும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில சொற்கள். பெயரளவில் நெருங்கிய மூன்று படிப்புகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புவோர், பட்டம் பெற்றபின் உடற்கல்வியியல் பயில்வர். 1920-ஆம் ஆண்டு ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி இவ்வகையில் நம் நாட்டின் மூத்த கல்லூரி. நோயாலும் விபத்தாலும் இயக்கம் குன்றியவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது பிசியோதெரபி. அது தனிப் பட்டம். உடற்பயிற்சி அறிவியல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது: பயிற்சியால் உடலில் நேரும் மாற்றங்களை அளந்து, நலமுள்ளவர்க்கும் நாள்பட்ட நோயுள்ளவர்க்கும், மருத்துவக் குழுவோடு இணைந்து பயிற்சி வகுப்பது. இப்பட்டம் பெற்றவர் மருத்துவர் அல்லர். தம்மை அவ்வாறு சொல்லிக்கொள்ளவும் கூடாது.

சேருமுன் கேட்க வேண்டியவையும் உண்டு. பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றதா? ஆய்வுக்கூடம் சுவரொட்டியில் மட்டும் இருக்கிறதா, நேரில் இருக்கிறதா? மருத்துவமனையில் நோயாளிகளிடையே பயிற்சி பெற வாய்ப்புண்டா? முன்பு படித்தவர்கள் இன்று எங்கே பணியாற்றுகிறார்கள்? இவற்றை நேரில் சென்று விசாரியுங்கள். மருத்துவமனைகளிலும், விளையாட்டு அணிகளிலும், உடற்பயிற்சிக் கூடங்களிலும் இவர்களுக்கு இடமுண்டு. ஆயினும் பட்டத்தை வாங்கிய மறுநாளே அரசுப் பணி காத்திருக்கும் என்று நாம் சொன்னால் அது பொய்யாகும். நர்சிங் படித்தவர்களுக்கு உள்ள தெளிவான பாதை இங்கே இன்னும் அமையவில்லை. தந்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது.

தவணை முடிந்து அவர்கள் இருவரும் மீண்டும் வந்தனர். நாம் அறிந்தவற்றையெல்லாம், வேலைவாய்ப்பின் குறை உட்பட, ஒன்றும் மறைக்காமல் எடுத்துரைத்தோம். டல்லாஸ் இளைஞர்களின் வரலாற்றைக் கேட்டபோது அந்தத் தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அப்படியானால் என் அம்மாவை நானே படுக்கவைத்துக் கொன்றுவிட்டேனா, சுவாமி?" என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நாம் விடை தேடுமுன் மகளே பேசினாள். "இல்லை, அப்பா. பாட்டிக்கு வயதும் ஆகியிருந்தது. நடந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் அன்பாகத்தான் செய்தீர்கள். அந்த அன்போடு இது தெரிந்த ஒரு ஆளும் வீட்டில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆளாகத்தான் நான் ஆகப் பார்க்கிறேன்."

தீர்ப்புச் சொல்ல நமக்கு வேலை இல்லாமற்போயிற்று. விண்ணப்பப் படிவத்தில் தந்தை கையொப்பமிட்டதை இரு நாள் கழித்து அறிந்தோம். "ஓர் ஆண்டு பார்ப்போம்" என்று அவர் சொன்னதாகவும் கேள்வி. பெற்றோருக்கு அவ்வுரிமை உண்டு.

நமக்கும் இவ்வழக்கில் ஒரு தண்டனை கிடைத்திருக்கிறது. அதை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டோம். நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும்போது பழைய ஆறுதல் மொழி இன்னும் நாவின் நுனிக்கு வருகிறது. அதை அடக்கிக்கொண்டு, வீட்டாரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றோம்: "எழுந்து உட்காரலாமா, நடக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால், இன்று எத்தனை முறை எழுந்தார்?"

சென்ற வாரம், மூட்டு அறுவை செய்துகொண்ட நம் பங்குப் பெரியவர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றோம். கட்டிலருகே வாக்கர் நின்றது. அதன் மேல் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. துணியை எடுக்கச் சொன்னோம். மருத்துவர் நாளுக்கு மூன்று வேளை நடக்கச் சொல்லியிருந்ததாக மருமகள் தயங்கியபடி கூறினார். பெரியவர் நம்மை முறைத்துப் பார்த்தார், பிறகு எழுந்தார். ஒரு பக்கம் மருமகளும் மறுபக்கம் நாமுமாக நிற்க, வாசற்படி வரை சென்று திரும்பினார். வியர்த்துக் கொட்டியது. நன்றி சொல்லவில்லை, "நாளைக்கும் வந்துவிடாதீர்கள், சுவாமி" என்றார்.

உங்கள் இல்லத்திலும் மூலையில் ஒரு வாக்கர் நிற்கக்கூடும். அதன் மேல் துணி கிடந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்குக் குரு